ஒரே புள்ளியில் எல்லாப் பள்ளிகளும்

ஒரு வட்டாரத்தின் அத்தனை அரசுப் பள்ளிகளையும் ஓர் அறைக்குள் அடைத்துவிட முடியும். நான் அடைத்திருக்கிறேன். திருத்தணியில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் மாடியில், இரண்டு மின்விசிறிகளில் ஒன்று மட்டும் சுழலும் கூட்ட அறைக்குள், பிற்பகல் மூன்றரை மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் அது நடந்தது. அரை மணி நேர வேலை. அதில் ஒரே ஒரு பள்ளியை வெளியே எடுக்க நடந்த நடையை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

நான் புவியியல் முதுகலை படித்தவன். அதைச் சில ஆண்டுகள் கற்பித்தேன். பிறகு தலைமையாசிரியன். கடைசி ஆண்டுகளில் கல்வி அலுவலகத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் குறிப்பாணை அனுப்பினேன். எந்தத் தாளை எந்த மேசைக்கு அனுப்பினால் எத்தனை நாளில் எந்தக் கேள்வியோடு திரும்பி வரும் என்பது எனக்கு மனப்பாடம். ஓய்வு பெற்ற பிறகு என்னைக் கருத்தாளர் என்று அழைக்கத் தொடங்கினார்கள். பயிற்சி வகுப்பில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது நின்றுகொண்டு பேசுகிறவருக்கு அந்தப் பெயர்.

பயிற்சி, சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு டிஜிட்டல் வரைபடம் கற்றுக்கொடுப்பது. இரண்டு நாள். ஆடிக்கிருத்திகைக் கூட்டம் வடிந்து, சாலையோரமெல்லாம் காவடிப் பூக்கள் காய்ந்து கிடந்த வாரம். ஆசிரியர்கள் டவுன் பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் வந்து சேர்ந்தார்கள். முதல் ஒரு மணி நேரம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதில் போயிற்று. அடுத்த அரை மணி, செயலியைக் கைபேசியில் இறக்குவதில். பாதிப் பேருடைய கைபேசியில் இடமில்லை. பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் காணொளிகளை அழிக்கலாமா கூடாதா என்று வீட்டுக்குப் பேசிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கனகம்மாசத்திரம் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆசிரியர் செயற்கைக்கோள் படத்தில் திருத்தணி மலையைத் தேடித் தேடிக் களைத்துவிட்டார்.

“சார், மலையே காணோம் சார். தட்டையா கீது.”

“மேலேர்ந்து பாத்தா மலை அப்படித்தாங்க தெரியும்.”

“அப்ப கடவுளு நம்மள இப்டித்தான் பாத்துகினு கீறாரா? அதான் என் ட்ரான்ஸ்பர் அப்ளிகேசன் இன்னும் அவரு கண்ணுல படல.”

அறை முழுக்கச் சிரிப்பு. அதில் சேராமல் முன்வரிசையில் ஒருவர் மட்டும் தலையைக் குனிந்து கைபேசியில் எதையோ குறித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஆர்.கே.பேட்டையையும் தாண்டி, ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியின் ஆசிரியை. தலைமையாசிரியர் பணியிடம் காலியாக இருந்ததால் அந்தப் பொறுப்பும் அவரிடமே இருந்தது. பொறுப்பு என்றால் கையெழுத்து அவருடையது. அதிகாரம் வேறெங்கோ இருக்கும்.

அருகில் போய்ப் பார்த்தேன். நான் இரண்டாம் நாள் பிற்பகலில் சொல்லிக்கொடுக்க வைத்திருந்ததை அவர் தானாகவே செய்து முடித்திருந்தார். கிராமத்தின் படத்தின்மேல் நீலப் புள்ளிகள். அவற்றிலிருந்து சாலை வழியே ஒரு கோடு.

“என்ன டீச்சர் இது?”

“எட்டாவது பொண்ணுங்க வீடுங்க சார். பதினோரு பேரு. இது பஸ் நிக்கிற எடம். அந்தக் கோடு போய் முடியுதே, அது பேட்டை ஹைஸ்கூலு.”

தூரத்தை அளக்கும் கருவியை அமுக்கிக் காட்டினார். ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். நடுவில் ஏரிக்கரை, சவுக்குத் தோப்பு, வீடே இல்லாத ஒரு நீண்ட துண்டு.

“காலைல ஒரு பஸ்ஸு, சாயங்காலம் ஒண்ணு. சாயங்கால வண்டி வந்தா வந்துச்சு, இல்லன்னா இல்ல. போன வருசம் எட்டாவது முடிச்ச பொண்ணுங்கள்ல மூணு பேருதான் சார் ஒன்பதாவது சேந்தாங்க. மத்ததெல்லாம் தார் சுத்துது.”

தார் சுற்றுவது என்றால் விசைத்தறிக்கு நூலைக் குழலில் சுற்றிக்கொடுக்கிற வேலை. ஆர்.கே.பேட்டைப் பக்கம் வீட்டுக்கு வீடு அந்தச் சத்தம் கேட்கும். எட்டாவது படித்த கை அதற்குப் போதும். நாலாவது படித்த கையும் போதும்.

பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்த அவர் கருத்துரு அனுப்பியிருந்தார். கருத்துரு என்பது எங்கள் துறையில் ஒரு கோரிக்கைக்கும் அதன் இணைப்புகளுக்கும் மொத்தமாக வைத்த பெயர். ஊர்க்காரர்கள் கூடிப் பேசி நிலம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஐந்து கிலோமீட்டருக்குள் வேறு உயர்நிலைப் பள்ளி இருக்கக் கூடாது என்பது நிபந்தனை.

“நமக்குதான் ஒன்பது இருக்குதே சார். இந்த மேப்பையும் சேத்து வெச்சிட்டா, யாரும் இல்லன்னு சொல்ல முடியாதுல்ல?”

“சொல்ல முடியாது டீச்சர்” என்றேன். அவ்வளவு உறுதியாக நான் எதையும் சொல்லிப் பல நாளாகியிருந்தது.

மறுநாள் காலை, பள்ளியின் இருப்பிடத்தைச் செயலியில் பதிவது எப்படி என்று பாடம். விதியைத் தெளிவாகவே சொன்னேன். பள்ளிக்குப் போக வேண்டும். கொடிக்கம்பத்தருகில் நிற்க வேண்டும். திரையில் தெரியும் வட்டம் சுருங்கிப் புள்ளியாகும்வரை காத்திருந்து பிறகு அமுக்க வேண்டும். கைபேசி எங்கே இருக்கிறதோ அந்த இடத்தைத்தான் செயலி எடுத்துக்கொள்ளும். கையால் நகர்த்த முடியாது. பலகையில் கொடிக்கம்பம் வரைந்து, பக்கத்தில் ஓர் ஆளையும் வரைந்து காட்டினேன். ஆளுக்குக் கண்ணாடி போடவில்லையே என்று ஒருவர் குறைபட்டுக்கொண்டார்.

மூன்றரை மணிக்கு மாவட்ட அலுவலகத்திலிருந்து தொலைபேசி. பேசியவர் ஒருகாலத்தில் எனக்குக் கீழே உதவியாளராக இருந்தவர். இப்போது அந்தப் பிரிவின் கண்காணிப்பாளர்.

“சார், ஸ்கூல் எடம் பதியறதுல எல்லா வட்டாரமும் பச்சையா ஆயிடுச்சு. உங்களுது மட்டும் செவப்பு. நாலு மணிக்கு மேடத்துக்கு வீடியோ மீட்டிங். எதுனா பண்ணுங்க சார்.”

“அவங்கவங்க ஸ்கூலுக்குப் போயித்தான்யா பண்ண முடியும்.”

“போனா அங்க சிக்னல் எங்க சார் கெடைக்குது? நீங்க பாக்காததா?”

நீங்கள் பார்க்காததா. ஓய்வு பெற்றவனிடம் அந்தச் சொல்லை யாரும் சொல்லக் கூடாது. நான் எல்லாம் பார்த்தவன்தான். போகாத பள்ளிக்கு ஆய்வறிக்கை பார்த்திருக்கிறேன். நடாத மரக்கன்றுக்கு உயரம் எழுதிய பதிவேட்டைப் பார்த்திருக்கிறேன். அவசரத்தில் எழுதியதை ஆறுதலாகத் திருத்திக்கொள்ளலாம் என்பது என் பணிக்காலம் முழுக்கப் பொய்க்காத விதி. திருத்தம் செய்ய இடமில்லாத படிவம் ஒன்றை நான் கண்டதே இல்லை. அப்படி ஒன்றை யாராவது செய்வார்கள் என்று தோன்றவும் இல்லை.

“எல்லாரும் இப்பவே, இங்கயே அமுக்கிடுங்க. திங்கக்கெழம ஸ்கூல்ல போய் திருத்திக்கலாம்” என்றேன்.

அமுக்கினார்கள். புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன.

“சார், நம்ம ஸ்கூலுங்க எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள்ள வந்துட்டுது!”

“அப்ப ஹெச்செம் ஒருத்தரு போதும்.”

“ஆங், அது யாரு, நீயா? மொதல்ல உன் போனுக்கு சார்ஜ் போடு.”

அந்த ஆசிரியை மட்டும் அமுக்கவில்லை. கைபேசியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

“காலைல கொடிக்கம்பத்துக்கிட்ட நிக்கணும்னு சொன்னீங்களே சார்.”

“சொன்னேன். இப்ப இத சொல்றேன்.”

“தப்பா போயிடாதா சார்?”

“டீச்சர், உங்க ஒண்ணுதான் பாக்கி. குடுங்க இப்டி.”

அவர் நீட்டினார். நான் வாங்கி அமுக்கினேன். வட்டாரம் பச்சையாயிற்று. நாலு மணிக் கூட்டத்தில் எங்களைப் பாராட்டினார்களாம். எல்லோருக்கும் வடையும் காபியும் வந்தன. வடை நன்றாகவே இருந்தது.

திங்கட்கிழமை அவர் பேசினார். “சார், திருத்தறதுக்கு பட்டனே இல்ல சார். பூட்டு படம் போட்டுகினு கீது.”

“அடுத்த அப்டேட்ல வரும் டீச்சர்” என்றேன். இரண்டு வாரம் கழித்து மீண்டும் பேசினார். அதையே சொன்னேன். மூன்றாம் முறையும் சொன்னேன். அதன்பின் அவர் பேசவில்லை. கடிதம் வருவது நின்றுவிட்டால் கோப்பை முடித்துவிடலாம் என்பது அலுவலகப் பழக்கம். நானும் முடித்துவிட்டேன்.

குருத்தோலை ஞாயிறன்று அவர் என் வீட்டுக்கு வந்தார். ஆராதனை முடிந்து நேராக பஸ் பிடித்து வந்திருக்கிறார். வெள்ளைச் சேலை, ஒரு கையில் ஓலை, மறு கையில் மடித்த தாள். என் மனைவி கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் தாளை என்னிடம் நீட்டினார்.

தரம் உயர்த்தும் கோரிக்கைக்கு வந்த பதில். மேற்படி பள்ளிக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் பல இருப்பதால் தேவை எழவில்லை என்று இரண்டு வரி. கீழே அட்டவணை. திருத்தணி நகரத்துப் பள்ளிகள், அன்று எங்களோடு அந்த அறைக்குள் விழுந்த பள்ளிகள். முதல் வரிசையில் நாங்கள் பயிற்சி நடத்திய பள்ளி. அதற்கு நேரே, தூரம் என்ற கட்டத்தில் பூஜ்யம்.

படித்தேன். மறுபடி படித்தேன். குறை சொல்ல இடமில்லாத கடிதம். நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

“மேப்பு வெச்சேனே சார். கலர்ல பிரிண்ட் எடுத்து வெச்சேன். அத யாரும் பாக்கலயா?”

பார்த்திருக்க மாட்டார்கள். அது இணைப்பு. சந்தேகம் வந்தால்தான் இணைப்பைத் திறப்பார்கள். கணினி கொடுத்த தூரத்தில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்?

“பதினோரு வீட்லயும் போயி சொல்லிட்டேன் சார். ஜூன்ல ஒன்பதாவது இங்கயே வந்துடும், பொண்ண நிறுத்திடாதீங்கன்னு. நானே வீடு வீடா போனேன். ஒரு வீட்ல, பொண்ண வேலைக்கு அனுப்பறேன்னு தறிக்காரருகிட்ட சொன்ன பேச்சையே திருப்பி வாங்கினாங்க சார், என்ன நம்பி.”

என் மனைவி கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “ஏன் டீச்சர், எடம் தப்பா போச்சுன்னா, அத அமுக்கினது யாரு?”

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “எல்லாரும்தாம்மா அமுக்கினோம்.”

நான்தான் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். “நாளைக்கே போவோம் டீச்சர்” என்றேன். அவர் போய்விட்டார். அவருக்குப் போட்ட காபி ஆறிப்போயிருந்தது, மனைவி அதை எடுத்துப் போய்க் கொட்டினாள். “ஊருக்கெல்லாம் ரூல்ஸ் சொல்லுவீங்களே” என்று மட்டும் சமையலறையிலிருந்து கேட்டது.

மறுநாள் மாவட்ட அலுவலகத்துக்குப் போனோம். கண்காணிப்பாளர் எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலி போட்டார். டீ வந்தது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பொறுமையாகக் கேட்கிறார்கள் என்றாலே வேலை நடக்காது. அதை அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

“ஒண்ண மட்டும் மாத்தினா, மிச்சதெல்லாம் ஏன் ஒரே எடத்துல இருக்குதுன்னு கேப்பாங்க சார். மொத்த வட்டாரமும் பொய்யின்னு ஆயிடும்.”

“பொய்தானேய்யா?”

“பொய்தான் சார். ஆனா ஏத்துகினாங்களே.”

“நான் எழுதிக் குடுக்கறேன். நான்தான் அமுக்கச் சொன்னேன். இவங்க போன்ல நானே அமுக்கினேன்.”

அந்த வாக்கியத்தை எட்டு மாதம் கழித்துச் சொன்னேன். ஆசிரியை தலை நிமிரவில்லை. கண்காணிப்பாளர் லேசாகச் சிரித்தார்.

“நீங்க ரிடையர்டு சார். சிஸ்டத்துல நீங்க எங்க கீறீங்க? உங்களுக்கு லாகினே இல்ல. போனது டீச்சரு லாகின்ல. திருத்தம் கேட்டாங்கன்னா, தவறான பதிவு பண்ணேன்னு அவங்கதான் ஒத்துக்கணும். அதுக்கு விளக்கம் கேக்கணும். அதுக்கு அப்பறம் என்னன்னு உங்களுக்குத் தெரியாததா.”

தெரியும். பதினேழு-பி. அரசு ஊழியர் எவருக்கும் அந்த எண்ணை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அது ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டு; வந்தால், முடியும்வரை பதவி உயர்வு நின்றுவிடும். முடிவதற்கு ஆண்டுக் கணக்காகும். பொறுப்பில் இருந்த அவருக்கு அந்த ஆண்டு முறையான தலைமையாசிரியர் பதவி வரவேண்டிய முறை. பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் மேலே இருந்தது.

“நீங்களே சொல்லுங்க சார்” என்றார் கண்காணிப்பாளர், எந்தக் கேலியும் இல்லாமல். “நீங்க இந்த சீட்ல இருந்தா என்ன பண்ணுவீங்க?”

டீயைக் குடித்தேன். அந்த இருக்கையில் நான் இருந்திருந்தால் டீ கூட வந்திருக்காது.

வெளியே பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. ஒரு பெட்டிக்கடையின் தார்ப்பாய் நுனியில் இருவரும் நின்றோம். அவர் கேட்டார்.

“ஒத்துகினு எழுதிக் குடுத்தா மாறுமா சார்?”

“மாறும். ஆனா அதுக்குள்ள ஸ்கூலு தரம் உயர்த்தற இந்த வருசப் பட்டியலு முடிஞ்சிடலாம்.”

“எத்தன மேசை சார்?”

எண்ணினேன். ஆறு. அதில் ஒன்று காலியிடம். “டீச்சர், வேணாம். உங்க ப்ரமோசன் போயிடும். அடுத்த வருசம் புதுசா கருத்துரு வெப்போம். அதுக்குள்ள செயலிலயே திருத்தம் வந்துடும். நான் பாத்துக்கறேன்.”

“அடுத்த வருசம் இந்தப் பதினோரு பேரும் எந்த வகுப்புல சார் இருப்பாங்க?”

பெட்டிக்கடைக்காரர் சோடா புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நீங்க சொல்லுங்க சார். நான் எழுதறேன். நீங்க நல்லா எழுதுவீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க” என்றார்.

அங்கேயே, கடையின் மரப்பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். நான் நின்றுகொண்டு சொன்னேன். பார்வையில் காணும் பொருள் தொடர்பாகப் பணிந்து தெரிவித்துக்கொள்வது யாதெனில். அந்த நடையில் எனக்கு இணை கிடையாது. ‘கவனக்குறைவால்’ என்ற சொல்லில் பேனா நின்றது.

“கவனக்குறைவுன்னு எழுதணுமா சார்? நான் கவனமாத்தானே இருந்தேன்.”

“அப்படித்தான் எழுதணும் டீச்சர்.”

எழுதினார். கையெழுத்திட்டார். பெயருக்குக் கீழே பொறுப்புத் தலைமையாசிரியை என்று முழுதாக எழுதினார். நான் அதோடு ஒரு தனிக் கடிதம் வைத்தேன், நடந்தது இன்னது, பொத்தானை அமுக்கிய விரல் என்னுடையது என்று. வாங்கிக்கொண்டார்கள். ஓய்வு பெற்றவனின் கடிதம் என்பதால் அதற்கு எண் போடவில்லை.

பதினேழு-பி குறிப்பாணை நாலு நாளில் அவருக்கு வந்தது. அதற்கு மேசைகள் குறைவு.

திருத்தம் வரவில்லை. சித்திரை வெயிலில் வாரத்துக்கு ஒருமுறை மின்சார ரயிலேறிப் போனேன். மேசை மேசையாக நின்றேன். முதல் மேசையில், பள்ளி இருக்கும் கிராமம் உண்மையில் அந்தக் கிராமம்தான் என்பதற்குச் சான்று கேட்டார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிக்கொடுத்தோம். இரண்டாவது மேசையில், அந்தக் கிராமத்துக்கும் திருத்தணிக்கும் இடையிலுள்ள தூரத்துக்குச் சான்று கேட்டார்கள். ஆசிரியை மறுபடியும் தன் வரைபடத்தை அச்செடுத்து வைத்தார். வரைபடம் செல்லாது, கையொப்பமிட்ட அதிகாரி யாரும் இல்லை என்று எழுதித் திருப்பினார்கள். மூன்றாவது மேசைக்காரர் தன் மகளின் திருமணத்துக்கு விடுப்பில் போயிருந்தார். பத்திரிகை எனக்கும் வந்திருந்தது. போனேன். சாப்பிட்டேன். கை கழுவும் இடத்தில் நின்று கோப்பைப் பற்றிக் கேட்டேன். “சார், இன்னிக்காச்சும் வுட்டுடுங்க சார்” என்றார், கையில் சந்தனத்தோடு.

ஒவ்வொரு முறையும் திரும்பும்போது அவருக்குப் பேசுவேன். பேசாமல் இருந்துவிட முடியவில்லை.

“இன்னிக்கு எந்த மேசைங்க சார்?”

“அதேதான் டீச்சர்.”

“சரிங்க சார். வெயில்ல பாத்து போங்க.”

கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருமுறையும் படவில்லை. பதினோரு வீட்டிலிருந்து யாராவது ஒருவர் நாள்தோறும் பள்ளிப் பக்கம் வந்து கேட்டுவிட்டுப் போகிறார் என்பதை மட்டும் சொல்வார். யார் வந்தார்கள் என்று பெயர் சொல்லிச் சொல்வார். நான் கேட்டுக்கொள்வேன்.

மே கடைசியில் தரம் உயர்த்தப்படும் பள்ளிகளின் பட்டியல் வெளியானது. எங்கள் கோப்பு நாலாவது மேசையில் இருந்தது. பட்டியலை மேலிருந்து கீழும், கீழிருந்து மேலும் படித்தேன். அகர வரிசையில் இல்லாத பட்டியல் என்பதால் ஒருவேளை வேறெங்காவது இருக்குமோ என்று மூன்றாம் முறையும் படித்தேன்.

திருத்தத்துக்கு அனுமதி ஜூனில் வந்தது, பள்ளி திறந்து ஒரு வாரம் கழித்து. ஒரு நாள் மட்டும் பூட்டு திறந்திருக்கும், அதற்குள் மறுபடி பதிய வேண்டும். “நீங்க வரவேணாம் சார், நானே பண்ணிக்குவேன்” என்றார் ஆசிரியை. நான் போனேன். ஆர்.கே.பேட்டையில் இறங்கி வேறு பஸ் ஏறி, தறிச் சத்தம் நின்று வயலும் ஏரியும் தொடங்கும் இடத்தில் இறங்கினேன். அந்த ஒன்பது கிலோமீட்டரை அன்றுதான் முதன்முதலாக உடம்பால் கடந்தேன். சவுக்குத் தோப்பருகில் சாலை குறுகுகிறது. அது படத்தில் தெரியவில்லை.

இரண்டு கட்டடம், ஒரு வேப்பமரம், கொடிக்கம்பம். என் கைபேசிக்குத் தெலுங்கில் நல்வரவுச் செய்தி வந்தது. அவர் கம்பத்தருகில் வெயிலில் நின்றார். திரையில் வட்டம் பெரிதாக இருந்தது. பாதி தமிழ்நாடு, பாதி ஆந்திரா. காத்திருந்தோம். குழந்தைகள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். அரை மணிக்கு மேல் ஆயிற்று, வட்டம் மெல்லச் சுருங்கி அவர் காலடியில் வந்து நிற்க. இந்த முறை அவரே அமுக்கினார்.

அப்போது ஒரு பெண் வாசலைத் தாண்டி வந்தாள். தலையிலும் கையிலும் பஞ்சுத் தூசி. பதினோரு பேரில் ஒருத்தியின் தாய்.

“டீச்சரம்மா, ஒம்போதாவது வந்துட்டுதா? பெரிய சாரோட கம்பத்தாண்ட நின்னுகினு கீறீங்களேன்னு ஓடியாந்தேன். இவரு ஆபீசருங்களா?”

“இல்லம்மா. எங்களுக்கு மேப் சொல்லிக் குடுத்த சாரு.”

“ஆங், அப்டிங்களா. நல்லதுங்க சார்.” என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். “அப்ப வகுப்பு?”

“இந்த வருசம் வரலம்மா. அடுத்த வருசம் பாக்கலாம்னு சொல்லிகினு கீறாங்க.”

அவள் கையிலிருந்த பஞ்சைத் தட்டிவிட்டாள். “பேட்டைக்கு அனுப்பலாம்னு நான் சொன்னேன். அவங்க நைனாதான் வேணாம்ன்றாரு. பஸ்ஸு வராத அன்னிக்கு அந்தத் தோப்பாண்ட எப்டி வரும்ன்றாரு. அதுவும் நெசந்தான?”

“ஆமாம்மா.”

“ரெண்டு மாசமா தார் சுத்துது. நல்லாதான் சுத்துது.”

“டீசி எழுதி வெச்சிருக்கேன். வாங்கிகினு போம்மா. எப்பயாச்சும் சேக்கறதுன்னா வேணும்.”

“அத எட்துகினு போயி நான் எங்க வெக்கறது? வூட்ல எலி கடிச்சிடும். இங்கயே கெடக்கட்டும் டீச்சரம்மா.” சொல்லிவிட்டு அவசரமாகத் திரும்பினாள். தறி ஓடிக்கொண்டிருக்கிறதாம்.

அறைக்குள் போனோம். மாற்றுச் சான்றிதழ்கள் மேசைமேல் இருந்தன. பதினொன்றில் ஐந்து பேட்டைப் பள்ளிக்குப் போய்விட்டன. ஒருத்தி எல்லைக்கு அந்தப் பக்கம் மாமா வீட்டில் தங்கித் தெலுங்கு வழியில் படிக்கப் போயிருக்கிறாள். மிச்சம் ஐந்தை யாரும் வாங்க வரவில்லை. இப்போது வந்தவளும் அதில் ஒன்றை விட்டுவிட்டுத்தான் போனாள்.

ஆசிரியை அவற்றை ஒன்றாக அடுக்கித் தட்டிச் சரிசெய்தார். “வாங்காத டீசிய என்ன பண்றதுங்க சார்? அதுக்கு ரூலு எதுனா இருக்குதா?”

இருக்கிறது. பதிவேட்டில் அந்தந்தப் பெயருக்கு நேரே ‘உரியவர் பெறவில்லை’ என்று சிவப்பு மையில் எழுத வேண்டும். தலைமையாசிரியர் சுருக்கொப்பமிட வேண்டும். சான்றிதழை நிரந்தரக் கோப்பில் வைக்க வேண்டும். அழிக்கக் கூடாது. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

அவர் சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தார். முதல் பெயருக்கு நேரே எழுதினார், ஒப்பமிட்டார், ஊதிக் காயவைத்தார். பிறகு அடுத்த பெயர். ஐந்தும் முடியும்வரை நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். சாயங்கால பஸ் அன்று வரவில்லை.